கட்டணம் இல்லை, கணக்கு உண்டு: ஜெர்மனியில் முதுநிலைப் பட்டம்

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது என்னும் செய்தி தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் விடுதி அறைகள்வரை சென்று சேர்ந்துவிட்டது. கட்டணத்துக்குப் பதிலாக அங்கே வேறு எவையெல்லாம் கேட்கப்படுகின்றன என்னும் செய்தி அவ்வளவு விரைவாகப் பரவவில்லை. 2022-23 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மனியில் பயிலும் வெளிநாட்டு மாணவர்களுள் சீனர்களைப் பின்தள்ளி இந்தியர் முதலிடத்துக்கு வந்தனர். அடுத்த ஆண்டில் அவர்களது எண்ணிக்கை 49,000ஐத் தாண்டியது. பொறியியல், கணினியியல் சார்ந்த முதுநிலைப் படிப்புகளைத் தேடிச் செல்வோரே இவர்களுள் மிகுதி. அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகியவற்றோடு ஒப்பிடுகையில் மொத்தச் செலவு குறைவு என்பது உண்மையே. ஆயினும் அந்நாடுகளில் பணத்தைக் கொண்டு கடந்துவிடக்கூடிய பல தடைகளை ஜெர்மனியில் முன்கூட்டிய திட்டத்தால் மட்டுமே கடக்க முடியும் என்பதாலும், அத்திட்டத்தின் முதல் ஆவணங்கள் இளநிலைப் படிப்பின் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன என்பதாலும், கல்லூரியின் மூன்றாம் ஆண்டில் இதைப் பற்றி எண்ணத் தொடங்குவோருக்கும் பட்டம் பெற்றபின் தொடங்குவோருக்கும் இடையே பெரிய வேறுபாடு ஏற்படுகிறது.

கட்டணமின்மையை அந்நாட்டின் மாறாத மரபு என்று கொள்வதும் பொருந்தாது. கட்டணத்தைத் தடைசெய்யும் அதிகாரம் மத்திய அரசுக்கு இல்லை என்று ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் 2005 ஜனவரியில் தீர்ப்பளித்ததை அடுத்து, பதினாறு மாநிலங்களுள் ஏழு மாநிலங்கள் பருவத்துக்கு ஏறத்தாழ 500 யூரோ வசூலிக்கத் தொடங்கின. மாணவர் எதிர்ப்பும் தேர்தல் முடிவுகளும் சேர்ந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பின்வாங்கச் செய்து, 2014இல் கடைசி மாநிலமான நீடர்சாக்சனும் கட்டணத்தைக் கைவிட்டது. கல்வி மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதால் விதிவிலக்குகள் மீண்டும் முளைத்தன. ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ, ஹைடல்பெர்க், ஃப்ரைபுர்க் ஆகிய நகரங்களை உள்ளடக்கிய பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017-18 குளிர்காலப் பருவம் முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. பவேரியா புதிய உயர்கல்விச் சட்டத்தின் வழியே இதற்கு இடமளித்ததும், மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்காலப் பருவம் முதல் அத்தகைய மாணவர்களிடம் முதுநிலைப் படிப்புக்குப் பருவத்துக்கு 4,000 அல்லது 6,000 யூரோ என்று விதித்தது. நான்கு பருவங்களுக்கு இது 16,000 முதல் 24,000 யூரோ வரை ஆகும். ஆகவே ‘ஜெர்மனியில் இலவசம்’ என்ற சொற்றொடரை மாநிலத்தின் பெயரும் பல்கலைக்கழகத்தின் பெயரும் இல்லாமல் நம்புவதற்கில்லை. கட்டணம் இல்லாத இடங்களிலும் பருவப் பங்களிப்பு என்ற பெயரில் ஒரு தொகை உண்டு. பெரும்பாலும் 100 முதல் 350 யூரோ வரை அமையும் இத்தொகை மாணவர் நல அமைப்புக்கும், பல ஊர்களில் பேருந்து, ரயில் பயண அட்டைக்கும் செல்கிறது.

நிறுவனங்களின் வகையை அறிந்துகொள்வதும் தேவை. ஆய்வையும் கோட்பாட்டையும் முதன்மையாகக் கொண்டவை பல்கலைக்கழகங்களும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களும். தொழிற்சாலைகளோடு நெருங்கிய உறவும், கட்டாயத் தொழிற்பயிற்சியும், சிறிய வகுப்புகளும் கொண்டவை ‘ஹோக்ஷூலே’ எனப்படும் பயன்முறை அறிவியல் பல்கலைக்கழகங்கள். ஆய்வுப் பட்டத்தை நோக்கிச் செல்பவருக்கு முன்னதும், வேலையை நோக்கிச் செல்பவருக்குப் பின்னதும் ஏற்றவை என்று பொதுவாகக் கூறலாம். சென்னை ஐஐடி 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு நிறுவப்பட்டது என்பதால், தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்னும் அந்த வடிவம் தமிழ்நாட்டுக்கு முற்றிலும் புதிதன்று. இவ்விரு வகைகளுக்கும் அப்பால் தனியார் பல்கலைக்கழகங்களும் உள்ளன. இவை முழுக் கட்டணம் வாங்குகின்றன. கல்வி ஆலோசனை நிறுவனங்கள் பலவற்றுக்கு இவற்றிடமிருந்து தரகுத் தொகை கிடைக்கிறது என்பதால், அரசுப் பல்கலைக்கழகம் கிடைக்கக்கூடிய மாணவரும் தனியார் பல்கலைக்கழகத்தின் பக்கம் திருப்பப்படுவதுண்டு. மாணவர் விசா என்பது நேரில் சென்று முழுநேரமாகப் பயிலும் படிப்புக்கே உரியது. பாதி இணையவழியில் நடக்கும் படிப்பில் சேர்ந்தவர் தங்கும் அனுமதியில் இடர்ப்பட நேரிடும்.

பணத்தின் கணக்கு வாழ்க்கைச் செலவிலிருந்து தொடங்குகிறது. மாணவர் ஓராண்டு தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ள முடியும் என்பதற்குச் சான்றாக, விசாவுக்கு முன்பே ‘பிளாக்டு அக்கவுண்ட்’ எனப்படும் முடக்கக் கணக்கில் ஒரு தொகையைச் செலுத்த வேண்டும். 2024 செப்டம்பர் முதல் இத்தொகை 11,904 யூரோ. ஒரு யூரோவை நூறு ரூபாய் என்று வைத்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 12 லட்சம் ரூபாய். இது அரசுக்கோ பல்கலைக்கழகத்துக்கோ செல்லும் பணமன்று. மாணவர் அங்கு சென்றபின் மாதம் 992 யூரோ வீதம் அவருக்கே திரும்பி வரும். இந்த 992 என்பது ஜெர்மன் மாணவர்களுக்கு அந்நாட்டு அரசு அளிக்கும் கல்வி உதவியின் உச்ச அளவை ஒட்டி வகுக்கப்பட்ட எண் என்பதால், அந்த உதவி உயரும்போது இதுவும் உயர்கிறது. நாடு முழுமைக்கும் ஒரே தொகை என்றாலும் அதன் பெறுமதி ஊருக்கு ஊர் மாறும்: மியூனிக்கில் ஓர் அறையின் வாடகையே அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும், கெம்னிட்ஸ், இல்மெனாவ் போன்ற கிழக்குப் பகுதி ஊர்களில் அதே தொகையில் ஓரளவு மிச்சமும் பிடிக்கலாம். முப்பது வயதுக்கு உட்பட்ட மாணவர் சேர வேண்டிய அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு மாதம் நூறு யூரோவுக்கு மேல் செல்வதையும் இக்கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இத்தொகையைக் கடனாகப் பெறுவோர் பலர். இந்திய வங்கிகளின் பொதுவான கல்விக்கடன் திட்டப்படி 4 லட்சம் ரூபாய் வரை பிணை தேவையில்லை, 7.5 லட்சம் வரை மூன்றாம் நபரின் உத்தரவாதம் போதும்; அதற்கு மேல் வீடோ மனையோ ஈடாக வைக்கப்பட வேண்டும். முடக்கக் கணக்கின் தொகையே அந்த எல்லையைத் தாண்டிவிடுவதால், சொத்துப் பத்திரங்களைச் சரிபார்க்கும் காலத்தையும் திட்டத்தில் சேர்க்க வேண்டியுள்ளது. வில்லங்கச் சான்றுக்கும் வழக்கறிஞர் கருத்துரைக்கும் காத்திருந்த நாள்களில் விசாவுக்கான நேரத்தை இழந்தவர்கள் உண்டு.

பணத்தைவிட நுட்பமானது தகுதியின் கணக்கு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடன் ஜெர்மனியில் இளநிலைப் படிப்பில் நேரடியாகச் சேர்வது இந்திய மாணவருக்கு எளிதன்று. ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்ச்சியோ, இந்தியப் பல்கலைக்கழகத்தில் சிறிது காலப் படிப்போ, அல்லது ‘ஸ்டூடியன்கொல்லெக்’ எனப்படும் ஓராண்டு ஆயத்தப் படிப்போ தேவைப்படும். அதனாலேயே பெரும்பாலோர் முதுநிலையைத் தேர்ந்தெடுக்கின்றனர். முதுநிலைக்கு முதற்கேள்வி, பட்டம் அளித்த பல்கலைக்கழகம் அங்கீகரிக்கப்பட்டதா என்பது. ‘அனாபின்’ என்னும் ஜெர்மன் அரசுத் தரவுத்தளம் உலகப் பல்கலைக்கழகங்களை வகைப்படுத்துகிறது; அதில் எச் பிளஸ் என்று குறிக்கப்பட்டவை அங்கீகாரம் பெற்றவை. கல்லூரியின் பெயரைத் தேடிக் கிடைக்காமல் கலங்க வேண்டியதில்லை. பட்டம் அளிப்பது அண்ணா பல்கலைக்கழகம் என்றால் பார்க்க வேண்டியது அப்பெயரையே. மூன்றாண்டு பி.எஸ்சி., பி.சி.ஏ. பட்டங்களைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன, சில ஏற்பதில்லை என்பதால் அப்பட்டதாரிகள் ஒவ்வொரு படிப்பின் விதிமுறையையும் தனித்தனியே வாசித்தாக வேண்டும்.

அடுத்த கேள்வியில்தான் மிகுதியானோர் இடறுகின்றனர். அமெரிக்கப் பல்கலைக்கழகம் விண்ணப்பதாரரை ஓர் ஆளாக மதிப்பிட முயல்கிறது. மதிப்பெண்ணோடு பரிந்துரைக் கடிதம், நோக்க அறிக்கை, பணி அனுபவம் எல்லாவற்றையும் சேர்த்து எடைபோடுகிறது. ஜெர்மன் பல்கலைக்கழகம் பெரும்பாலும் அவர் பயின்ற பாடங்களை அளக்கிறது. அந்த அளவைக்கு ‘இசிடிஎஸ்’ புள்ளி என்று பெயர். ஐரோப்பிய நாடுகள் பொதுவாக ஏற்றுக்கொண்ட இம்முறையில் ஒரு புள்ளி 25 முதல் 30 மணி நேர உழைப்பைக் குறிக்கும். வகுப்பில் அமரும் நேரம் மட்டுமன்றி வீட்டில் படிக்கும் நேரமும் அதில் அடக்கம். ஒரு பருவத்துக்கு 30, ஓராண்டுக்கு 60, மூன்றாண்டு இளநிலைக்கு 180, ஈராண்டு முதுநிலைக்கு 120 புள்ளிகள் என்பது பொது வரையறை. முதுநிலைப் படிப்பு ஒவ்வொன்றின் சேர்க்கை விதியிலும், இளநிலையில் கணிதத்தில் இத்தனை புள்ளி, இயந்திரவியலில் இத்தனை, வெப்ப இயக்கவியலில் இத்தனை என்றோ, கணினியியலாயின் வழிமுறைகளிலும் கோட்பாட்டுக் கணினியியலிலும் இத்தனை என்றோ குறைந்த அளவு வகுக்கப்பட்டிருக்கும். ஒன்பதுக்கு மேல் சிஜிபிஏ வைத்திருக்கும் தகவல் தொழில்நுட்ப மாணவர், கோட்பாட்டுப் பாடங்களின் புள்ளி குறைந்ததால் நிராகரிக்கப்படுவதும், ஏழரை வைத்திருக்கும் மாணவர் பாடப் பொருத்தத்தால் இடம்பெறுவதும் இதனால் நிகழ்கின்றன. மின்னணுவியல் படித்துவிட்டுத் தரவு அறிவியலுக்கோ, இயந்திரவியல் படித்துவிட்டு மேலாண்மைக்கோ தாவ விரும்புவோருக்கு இந்த விதி குறிப்பாகக் கடுமையானது.

இந்தியக் கிரெடிட்டும் ஐரோப்பியப் புள்ளியும் ஒரே அளவையல்ல என்பதால், மொத்த மதிப்பை விகிதப்படி மாற்றிக்கொண்டு, ஒவ்வொரு பாடத்துக்கும் பாடத்திட்டத்தைக் காட்டிப் பொருத்தத்தை நிறுவுவது விண்ணப்பதாரரின் பொறுப்பாகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறையில் படித்தவருக்கும் 2021 ஒழுங்குமுறையில் படித்தவருக்கும் பாடங்கள் வேறுபடுகின்றன. தன்னாட்சிக் கல்லூரிகளில் அவை மேலும் வேறுபடுகின்றன. எனவே தாம் படித்த ஒழுங்குமுறையின் முழுப் பாடத்திட்டத்தையும் பாதுகாத்து வைப்பதும், ஆறாம், ஏழாம் பருவங்களில் விருப்பப் பாடங்களைத் தேர்வு செய்யும்போது, மதிப்பெண் எளிதில் கிடைக்கும் பாடத்தைவிடத் தாம் குறிவைக்கும் முதுநிலைப் படிப்பின் குறைபாட்டை நிரப்பும் பாடத்தை எடுப்பதும் பெரும்பயன் தரும். கல்லூரியின் தரவரிசைக்குத் தரப்படும் கவனத்தில் பாதியேனும் இதற்குத் தரப்பட்டால் நிராகரிப்புகள் பல குறையும்.

மதிப்பெண்ணும் அப்படியே எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. ஜெர்மன் முறையில் 1 என்பது உச்சம், 4 என்பது தேர்ச்சியின் எல்லை. வெளிநாட்டு மதிப்பெண்ணை இதற்கு மாற்றப் ‘பவேரிய வாய்பாடு’ பயன்படுகிறது: உச்ச மதிப்பெண்ணிலிருந்து பெற்ற மதிப்பெண்ணைக் கழித்து, அதை உச்ச மதிப்பெண்ணுக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். பத்துக்கு எட்டு சிஜிபிஏ பெற்ற ஒருவருக்குத் தேர்ச்சி எல்லை ஐந்து என்றால் விடை 2.2, ஏழு பெற்றவருக்கு 2.8. பல படிப்புகள் 2.5 என்னும் எல்லையை வைக்கின்றன என்பதைக் கொண்டு பார்த்தால், அது ஏழரை சிஜிபிஏவுக்குச் சமமாகிறது. தேர்ச்சி எல்லை என்று எந்த எண்ணைக் கல்லூரி தன் சான்றில் எழுதித் தருகிறது என்பதைப் பொறுத்து விடையும் மாறும் என்பது பலர் கவனிக்காத செய்தி.

ஆவணங்களின் உண்மைத்தன்மையைச் சோதிக்கும் அமைப்பு ‘ஏபிஎஸ்’. சீன மாணவர்களுக்காக 2001இல் பெய்ஜிங்கில் தொடங்கப்பட்ட இம்முறை, 2022 நவம்பர் முதல் இந்தியர்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. புதுடெல்லியில் உள்ள இவ்வமைப்புக்கு 18,000 ரூபாய் கட்டணத்துடன் மதிப்பெண் பட்டியல்களை அனுப்பினால், சரிபார்ப்புக்குப்பின் சான்றிதழ் கிடைக்கும். இதற்குப் பல வாரங்கள் ஆகும். இது இல்லாமல் விசா இல்லை, பல பல்கலைக்கழகங்களில் விண்ணப்பமே இல்லை. விண்ணப்பங்களைப் பல பல்கலைக்கழகங்களின் சார்பில் பெர்லினிலிருந்து பரிசீலிக்கும் ‘யூனி-அசிஸ்ட்’ அமைப்புக்கு முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோவும், அதே பருவத்தில் அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோவும் செலுத்த வேண்டும். ஆங்கிலவழிப் படிப்புகளின் பட்டியலை ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான ‘டாட்’ தன் தளத்தில் கட்டணமின்றித் தருகிறது என்பதால், பட்டியல் தயாரிப்பதற்காக எவருக்கும் பணம் தரத் தேவையில்லை.

இவையனைத்தையும் நாள்காட்டியில் பின்னோக்கி வைத்துப் பார்த்தால் திட்டத்தின் வடிவம் தெரியும். பல்கலைக்கழகங்களில் குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்குகிறது. பயன்முறைப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் செப்டம்பரில். விசாவுக்குக் குறைந்தது மூன்று மாதங்கள் ஒதுக்கினால் ஜூன் மாதத்தில் சேர்க்கைக் கடிதம் கையில் இருக்க வேண்டும். வெளிநாட்டினருக்கான விண்ணப்பக் கெடு சில இடங்களில் மே 31, ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் மார்ச் 1. அதற்கு முன் ஏபிஎஸ் சான்றிதழ் வர வேண்டும் என்றால் முந்தைய ஆண்டின் செப்டம்பர், அக்டோபரிலேயே அதற்கு அனுப்பியிருக்க வேண்டும். ஐஇஎல்டிஎஸ் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வையும் அப்போதே முடிப்பது நல்லது. எட்டாம் பருவத் தேர்வு மேயில் முடிந்து, முடிவும் தற்காலிகச் சான்றிதழும் ஜூலைவரை நீளும் தமிழ்நாட்டு மாணவருக்கு, இறுதியாண்டிலேயே அதே ஆண்டு அக்டோபரைக் குறிவைப்பது நெருக்கடியான முயற்சி. பலர் ஓராண்டு வேலை பார்த்துவிட்டு அடுத்த அக்டோபரில் செல்வது சோம்பலால் அன்று. நாள்காட்டி அவ்வாறு அமைந்திருப்பதால்.

அந்த ஓராண்டை மொழிக்குச் செலவிடுவோரே பின்னாளில் நிம்மதியாக இருப்பவர்கள். வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் வாடகை ஒப்பந்தமும், மாநகராட்சிக் கடிதமும், மருத்துவமனையும், பெரும்பாலான நேர்காணல்களும் ஜெர்மனில் நடக்கின்றன. ஐரோப்பிய மொழித்திறன் அளவையின் ஆறு நிலைகளில் ஏ1, ஏ2 ஆகியவை கடையில் பேசப் போதும். வேலைக்கு பி1, பி2 வேண்டும். சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள கோத்தே நிறுவனம் உள்ளிட்ட இடங்களில் பி1வரை முடித்துவிட்டுச் செல்பவர், அங்கே படிப்போடு மொழியையும் புதிதாகச் சுமக்கும் தேவையிலிருந்து தப்புகிறார்.

படிப்பின் உள்ளே காத்திருக்கும் வேறுபாட்டையும் முன்கூட்டியே அறிய வேண்டும். அரியர் வைத்து, அடுத்தடுத்த பருவங்களில் எழுதித் தேர்ச்சி பெறலாம் என்னும் பழக்கம் அங்கே செல்லாது. பல பல்கலைக்கழகங்களில் கட்டாயப் பாடம் ஒன்றுக்கு மூன்று வாய்ப்புகளே உண்டு. மூன்றாவதிலும் தவறினால் மாணவர் பதிவிலிருந்து நீக்கப்படுவதோடு, அதே படிப்பை ஜெர்மனியின் வேறு பல்கலைக்கழகத்தில் தொடர்வதும் பொதுவாக அடைக்கப்பட்டுவிடும். மாணவர் என்ற நிலை போனால் தங்கும் அனுமதியும் ஆட்டம் காணும். பருவத்தின் முழு மதிப்பும் ஒரே இறுதித் தேர்வில் அடங்கியிருப்பதும், இன்டர்னல் மதிப்பெண் என்னும் ஊன்றுகோல் இல்லாதிருப்பதும் புதியவர்களைத் திணறச் செய்கின்றன. நான்கு பருவப் படிப்பு பலருக்கு ஐந்து, ஆறு பருவங்கள்வரை நீள்வதற்கு இதுவும் பகுதிநேர வேலையும் காரணங்கள்.

2024 மார்ச் முதல் மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாள்கள் அல்லது 280 அரை நாள்கள் வேலை செய்யலாம். 2025இல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.82 யூரோவாக இருந்தது. எனவே வாழ்க்கைச் செலவின் ஒரு பகுதியை ஈட்ட முடியும். ஆனால் அந்த வருமானத்தை நம்பி முதலாண்டின் பணத்தைக் குறைத்துத் திட்டமிடுவது ஆபத்தானது. பட்டம் பெற்றபின் வேலை தேட 18 மாதங்கள் தங்கலாம். ஓரகடத்தின் தொழிற்சாலைகளையும் கோயம்புத்தூரின் பட்டறைகளையும் பார்த்து வளர்ந்த இயந்திரவியல் மாணவருக்கு ஜெர்மன் வாகனத் தொழில் பெரிய ஈர்ப்பு. அந்தத் தொழிலே சுருங்கிவருகிறது என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும். 2030க்குள் 35,000க்கும் மேற்பட்ட பணியிடங்களைக் குறைக்க ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் 2024 டிசம்பரில் தொழிற்சங்கத்தோடு உடன்பாடு செய்துகொண்டது.

இறுதிக் கட்டம் விசா. 2025 ஜனவரி முதல் விண்ணப்பத்தை இணையவழியில் அனுப்பும் முறை நடைமுறைக்கு வந்துள்ளது. நிராகரிக்கப்பட்டால் தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்கும் வழி 2025 ஜூலை முதல் நீக்கப்பட்டுவிட்டதால், புதிதாக விண்ணப்பிப்பதோ பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தை அணுகுவதோதான் மிஞ்சும். ஆகவே ஓராண்டு கைநழுவும் வாய்ப்பையும் திட்டத்திலேயே எழுதி வைத்துக்கொள்வது அறிவுடைமை. சேர்க்கைக் கடிதம் பெரும்பாலும் அடுத்த ஆண்டுக்குச் செல்லாது. மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். முடக்கக் கணக்கின் பணம், நிராகரிப்புக் கடிதத்தைக் காட்டினால் திரும்பக் கிடைக்கும். ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் இரண்டு ஆண்டுகளில் காலாவதியாகும் என்பதால் முதல் முயற்சிக்கு வெகு முன்னதாக எழுதியவர் மறுபடி எழுத நேரிடலாம். ஏபிஎஸ் சான்றிதழுக்கு மட்டும் காலவரம்பு இல்லை.